மூன்று மரத்து ஊரில் ஒரு ரம்பம்

நவம்பர் 12, 2023, ஞாயிறு இரவு

தீபாவளி அன்றைக்கு யாராவது ஊரை விட்டுக் கிளம்புவார்களா? நான் கிளம்பினேன். அன்றைக்குத்தான் டிக்கெட் மலிவு. "இங்க போடுற ரம்பம் பத்தாதுன்னு, ரம்பம் வாங்க ஜப்பான் வேறயா?" என்று வீட்டில் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. பையில் ஒரு டப்பா அதிரசம், ஒரு டப்பா கைமுறுக்கு திணித்தார்கள். அதுவே பெரிய விஷயம்.

வாரத்தில் ஐந்து நாள் எனக்குக் கம்ப்யூட்டர், மிச்ச இரண்டு நாள் மொட்டைமாடிக் கொட்டகையில் மரத்தூள். இரண்டு வருஷம் முன்னால் 3,500 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு ஜப்பான் ரம்பம் வாங்கினேன். தேக்குப் பலகையில் வாழைத்தண்டை அறுப்பது போல ஓடியது. ஒரு வருஷத்தில் மழுங்கிவிட்டது. தெருமுனை ஆசாரியிடம் கொண்டுபோனேன். முக்கோண அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார், நிறுத்திவிட்டார். "இதுல அரம் ஏறலீங்க தம்பி. பல்லு தேயல, என்ற அரந்தான் தேயுது."

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மாதிரி ரம்பங்களில் பல் நுனியை மட்டும் மின்சாரத்தால் ஒரு நொடி சூடேற்றிக் கடினமாக்கி விடுகிறார்கள். வெகுநாள் கூர் நிற்கும், ஆனால் ராவ முடியாது. மழுங்கினால் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுத் தகடு மாட்ட வேண்டியதுதான். ரம்பத்தைத் தூக்கி எறிவதா என்று ஆசாரிக்கு மனசு ஆறவில்லை. எனக்கும்தான். ராவக்கூடிய, கையால் செய்த ரம்பம் ஒன்றை அது பிறக்கும் ஊரிலேயே வாங்குவது என்று முடிவு செய்தேன். ஆசாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரம்பம் உங்களுக்கு வாங்கிக்கோங்க. எனக்கு அந்தூரு அரம் ஒண்ணு கொண்டாந்து குடுங்க."

நவம்பர் 13, திங்கள், கோபே

கோபேயில் தச்சுக் கருவிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. தக்கெனாக்கா தச்சுக்கருவி அருங்காட்சியகம் என்று பெயர். பகல் 2 மணிக்குப் பெட்டியைக் கூட விடுதியில் இறக்காமல் ஷின்-கோபே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாசல் மூடியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. 6 மாதம் திட்டம் போட்டவனுக்கு முதல் நாள் என்ன கிழமை என்று பார்க்கத் தோன்றவில்லை.

சரி, வந்தது வந்தோம் என்று ரயில் நிலையத்துக்குப் பின்னாலேயே மலையேறினேன். நுனோபிகி அருவி. ஊருக்கு நடுவிலிருந்து கால் மணி நேர நடையில் 43 மீட்டர் உயரத்து அருவி என்றால் நம்ப முடிகிறதா? நம் ஊர் வெயிலிலிருந்து வந்தவனுக்கு 12 டிகிரியில் காது மடல் வலித்தது. எதிரே இறங்கி வந்த ஒவ்வொருவரும், 70 வயதுப் பாட்டிகள் உட்பட, "கொன்னிச்சிவா" என்று சொல்லிவிட்டுத்தான் கடந்தார்கள். கீழே தெருவில் யாரும் யாரையும் பார்ப்பதுகூட இல்லை, மலைப்பாதையில் மட்டும் எல்லாரும் உறவு. பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறியவனைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத்தான் நான் மரியாதை என்பேன்.

ராத்திரிச் சாப்பாடு சோபாமேஷி. நூடுல்ஸைப் பொடியாக நறுக்கிச் சோற்றோடு இரும்புக்கல்லில் கொத்தித் தருகிறார்கள். சட்டுவத்தின் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடினால் மதுரை கொத்துபரோட்டாக் கடை. 900 யென். ஒரு யென்னுக்கு 55 பைசா கணக்கு வைத்தால் ஏறக்குறைய 500 ரூபாய். மதுரைக்காரர்கள் மன்னிக்கவும்.

நவம்பர் 14, செவ்வாய், கோபே

காலை 9:30க்கு முதல் ஆளாக உள்ளே போனேன். நுழைவு 700 யென். வெளியிலிருந்து பார்த்தால் அடக்கமான ஒற்றை மாடி வீடு. காட்சிகள் எல்லாம் கீழே இரண்டு தளங்களில். நுழைந்ததுமே நாராவில் இருக்கும் தோஷோதாய்ஜி கோயிலின் தூணும் அதன் மேல் அடுக்கிய கட்டைகளும் அதே அளவில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன்.

ஒரு சுவர் முழுக்கக் கருவிகள். 179. தச்சன் ஒருவன் நல்ல முறையில் வேலை செய்ய என்னென்ன கருவி வேண்டும் என்று 1943இல் தோக்கியோவில் ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்களாம். அதில் வந்த எண்ணிக்கை அது. அதிகம் உளியும் இழைப்புளியும்தான். நடுவில் ஒரு சின்னக் கூட்டமாக ரம்பங்கள். எனக்கு வேண்டியது அந்தக் கூட்டம்தான், அங்கேயே இரண்டு மணி நேரம் நின்றுவிட்டேன்.

ஜப்பான் ரம்பத்தை இழுத்து அறுக்க வேண்டும். பல் கைப்பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். கடையில் கிடைக்கும் நம் கைரம்பம் தள்ளும்போது அறுப்பது. தள்ளினால் தகடு வளையப் பார்க்கும், வளையாமல் இருக்கத் தகடு கனமாக இருந்தே ஆக வேண்டும். இழுத்தால் தகடு தானாகவே நாண் போல விறைத்துக்கொள்கிறது. அதனால் மெல்லிசாகச் செய்யலாம். மெல்லிசு என்றால் எவ்வளவு? தோஸுகி என்று முதுகில் பட்டை வைத்த ஒரு நுண்வேலை ரம்பம் இருக்கிறது. அதில் 0.3 மில்லிமீட்டர் வரை உண்டு. கல்யாணப் பத்திரிகை அட்டையை விட மெல்லிசு. அறுத்த கோடு அவ்வளவு ஒல்லியாக விழும்.

இன்னொன்று ரியோபா. இரண்டு விளிம்பிலும் பல். ஒரு பக்கம் மரத்தின் நாரோடு நீளவாக்கில் கிழிக்க, மறு பக்கம் நாரைக் குறுக்கே வெட்ட. ஜப்பானின் அடையாளமே இதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய காலத்துச் சமாச்சாரமே இல்லை, இது பரவியது மெய்ஜி காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். அதைவிட ஆச்சரியம், 15ஆம் நூற்றாண்டு வாக்கில் இரண்டு பேர் இழுக்கும் பெரிய ரம்பம் வரும்வரை ஜப்பானில் மரத்தை நீளவாக்கில் அறுக்கவே இல்லையாம். ஆப்பு அடித்துப் பிளந்தார்கள். பிளப்பதற்கு நேரான நார் உள்ள பெருமரம் வேண்டும். அப்படிப்பட்ட மரங்கள் குறைந்துபோன பிறகு, கோணல்மாணல் மரத்திலிருந்தும் பலகை எடுக்க வேண்டிய கட்டாயத்தில்தான் கிழிரம்பம் பிழைத்துக்கொண்டது.

பிறகு ஒரே ஆள் கிழிக்கும் மாஎபிகி வந்தது. முறத்தளவு அகலத் தகடு. ஹொகுசாய் வரைந்த ஃபூஜி மலைப் படங்களில் ஒன்றில் சாய்த்து நிறுத்திய பெரிய உத்திரத்தின் மேல் ஒருவன் ஏறி நின்று இதால் அறுப்பான். ரொம்ப நாளாக என் கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் படம். கீழே ஒரு ஓரத்தில் ஒருவன் உட்கார்ந்து ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருப்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

குறிப்பட்டைக்கு முன்னால் போனைப் பிடித்து மொழிபெயர்த்தால், "மரத்தை இழுக்கும் பெரிய இழுப்பு" என்று வந்தது. சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என்ன என்று பார்த்தார். ஓய்வுபெற்ற தச்சராம், சுட்டுவிரலில் முதல் கணு வரைதான் இருந்தது. அவரிடம் திரையைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, தலையாட்டினார். "ஹிகு" என்று சொல்லிக் கையால் இழுத்துக் காட்டினார். மறுபடி "ஹிகு" என்று சொல்லி அறுத்துக் காட்டினார். எழுத்துதான் வேறு, சொல் ஒன்று. நேற்றுப் பார்த்த நுனோபிகியிலும் அதே இழுப்புதான், அருவி இழுத்து விரித்த துணியாம். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஈர்த்தல் என்றால் இழுத்தல். ஈர்தல் என்றால் அறுத்தல். ரம்பத்துக்கு நம் அகராதிச் சொல் ஈர்வாள். மெஷினைப் பார்த்துச் சிரித்ததற்கு மானசீகமாக ஒரு மன்னிப்பு கேட்டேன்.

நவம்பர் 15, புதன், மிக்கி

மிக்கி கோபேக்கு வடமேற்கே இருக்கிற சின்ன ஊர். எழுத்துப்படி அர்த்தம் "மூன்று மரம்". மர வேலைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயர் கிடைக்காது. போகிற ரயில் ஆயிரம் மீட்டருக்கு 50 மீட்டர் ஏறுகிற பாதையில் முனகிக்கொண்டே மலை ஏறுகிறது. அதுவும் நான் ஏறியது பாதி வழியில் ஷிஜிமி என்ற இடத்தோடு நின்றுவிடும் வண்டி. பலகையில் எழுதியிருந்ததாம். எல்லாரும் இறங்கிப் போன பிறகு காலிப் பெட்டியில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் வந்து தொப்பியைத் தொட்டு, என்னென்னவோ வருத்தம் தெரிவித்து இறக்கிவிட்டார். தப்பு என்னுடையது, வருத்தம் அவருடையது. அடுத்த வண்டி வரும்வரை குளிரில் இயந்திரத்துக் காப்பி டப்பாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். 130 யென். குடிக்க அல்ல, சூட்டுக்குத் தரலாம்.

மிக்கி எப்படி இரும்புக்கருவி ஊரானது என்பதற்கு ஒரு சோகக் கதை உண்டு. 1578இல் ஹிதேயோஷி என்ற படைத்தலைவன் இங்கே இருந்த கோட்டையை முற்றுகையிட்டான். சண்டையை நம்பவில்லை, சோற்றை நிறுத்தினான். ஏறக்குறைய இரண்டு வருஷம். 1580இல் கோட்டைத் தலைவன் பெஷ்ஷோ நகஹாரு மற்றவர்கள் உயிரைக் காப்பாற்றத் தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டான். பாழான ஊரைத் திரும்பக் கட்ட ஹிதேயோஷி வரியைத் தள்ளுபடி செய்தான். தச்சர்கள் வந்தார்கள், தச்சர்களுக்குக் கருவி செய்யக் கொல்லர்கள் வந்தார்கள். வீடு கட்டி முடிந்ததும் தச்சர்கள் வேலை தேடி வெளியூர் போனார்கள். அவர்கள் கையில் இருந்த கருவிகள்தான் ஊருக்கு விளம்பரம்.

கோட்டை மேட்டில் குதிரைமேல் நகஹாரு சிலை. பக்கத்திலேயே கருவி அருங்காட்சியகமும் இரும்புக் கடவுளர்க்கு ஒரு சின்னக் கோயிலும். அங்கே பழைய முறையில் இரும்படித்துக் காட்டுவார்கள், மாதத்தின் முதல் ஞாயிறில். நான் போனது மூன்றாம் புதன். ஊரின் பெரிய கருவித் திருவிழா நவம்பர் தொடக்கத்தில், அதுவும் முடிந்துவிட்டது. நவம்பர் 8 துருத்தித் திருநாள், கொல்லர்கள் உலையை அணைத்துவிட்டுக் கருவிகளுக்குப் படையல் வைக்கும் நாள், அப்படியே நம் ஆயுத பூஜை. அதையும் ஒரு வாரத்தில் தவறவிட்டேன். தீபாவளியையும் சேர்த்தால் இந்த மாதம் நான் தவறவிட்ட பண்டிகைகள் மூன்று.

மத்தியானம் உடோன். தடித்த வெள்ளை நூடுல்ஸ், மேலே வெங்காயத்தாள், 650 யென். கடைக்கார அம்மா போனில் பேசி ஒரு செய்தி சொன்னார். முற்றுகையில் பசி தாங்காமல் வைக்கோலைத் தின்றார்களாம். அதன் நினைவாக ஜனவரி 17 அன்று இந்த ஊர்க் கோயிலில் வைக்கோலுக்குப் பதில் உடோன் சாப்பிடுவார்களாம். கேட்ட பிறகு கிண்ணத்தில் ஒரு இழை மிச்சம் வைக்கக் கூச்சமாக இருந்தது.

சாயங்காலம்தான் முக்கியமான விஷயம். ஒரு பழைய கருவிக்கடை. தறியில் சேலை தொங்குவது போல ரம்பங்கள் தொங்கின. கடைக்காரப் பெரியவருக்கு 80 இருக்கும். கையால் அடித்த ரியோபா வேண்டும் என்றேன். எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து ஒன்றை மேஜையில் வைத்தார். 38,000 யென். தகட்டின் நடுப்பகுதி செதுக்கி மெலிதாக்கப்பட்டு, ஓரம் கொஞ்சம் கனமாக இருந்தது. அறுக்கும்போது மரத்தில் உரசாமல் இருக்கத்தான் அப்படி. செதுக்கிய கோடுகள் குளத்துத் தண்ணீரில் காற்று அடித்த மாதிரி தெரிந்தன. என்னை அறியாமல் கட்டைவிரலை வைத்து ஒரு தடவு தடவிவிட்டேன். பெரியவர் எதுவும் சொல்லவில்லை. எண்ணெய்த் துணியை எடுத்து என் விரல் பட்ட இடத்தை மட்டும் துடைத்தார். வியர்வை பட்டால் துரு. அந்த மௌனத்தை விடத் திட்டியிருக்கலாம்.

அப்புறம் நேர்காணல் ஆரம்பித்தது. என்ன செய்வாய்? போனில் படங்களைக் காட்டினேன், தேக்கு முக்காலி, அக்கா மகனுக்குச் செய்த தொட்டில். தொட்டில் மூட்டை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நான் புட்டி வைத்து அடைத்த சந்து திரை முழுக்கத் தெரிந்தது. "ஹோ" என்றார். என்ன மரம்? தேக்கு. ஜப்பானியத்தில் தேக்குக்கு "ச்சீக்கு" என்று பெயர், அவருக்குத் தெரிந்திருந்தது. முகம் சுருங்கியது. இந்த ரம்பத்தின் பல் சுகி, ஹினோகி போன்ற மெத்தென்ற மரங்களுக்குத் தீட்டியது. தேக்கில் மணல் போலச் சிலிக்கா உண்டு, பல்லைத் தின்றுவிடும். கடைசிக் கேள்வி. உங்கள் ஊரில் இதற்கு யார் பல் தீட்டுவார்கள்?

நான் என்னையே காட்டினேன்.

பெரியவர் ரம்பத்தை மறுபடி காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். குனிந்து ஒரு வணக்கம். கையில் காசோடு நிற்பவனிடம் விற்க மாட்டேன் என்று சொன்ன முதல் கடைக்காரர் என் வாழ்க்கையில் இவர்தான். பதிலுக்கு, அதே ஊரில் செய்த, தகடு மாற்றும் ரம்பம் ஒன்றை நீட்டினார். 2,400 யென். என்னிடம் இருக்கும் அதே ரம்பம்! அதைச் சொன்னதும் முதல் தடவையாகச் சிரித்தார்.

அதிரச டப்பாவை நீட்டியது அப்போதுதான். லஞ்சம் இல்லை, வெறுங்கையோடு கிளம்பச் சங்கடமாக இருந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து ஒரு விள்ளல் தின்றுவிட்டு, "கரிந்தோ" என்றார். இவர்கள் ஊர் வெல்லப் பலகாரமாம், வாசனை ஒன்றுதான். பதில் மரியாதையாக ஐந்து கமலா ஆரஞ்சு வந்தது. கூடவே மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டி. உள்ளே யாரோ தச்சர்கள் பயன்படுத்தி விட்டுப்போன பழைய ரம்பங்கள், துருவோடு. எது எடுத்தாலும் 3,000. ஒரு ரியோபாவை அவரே தேர்ந்தெடுத்தார். காதருகே வைத்துச் சுண்டினார், வளைத்தார், விட்டார், நேராக நின்றது. ஒரு துண்டுச் சீட்டில் படம் வரைந்து ஒரு விலாசம் கொடுத்தார். நாளைக்கு அங்கே போ.

நவம்பர் 16, வியாழன், மிக்கி

சீட்டில் இருந்த சொல் மெத்தாத்தே. போன் அதை "கண்ணை நிறுத்துதல்" என்று பெயர்த்தது. கண் ஆஸ்பத்திரிக்கா அனுப்பியிருக்கிறார் என்று பயந்தேன். நமக்கு ரம்பத்துக்குப் பல், அவர்களுக்குக் கண்ணும் உண்டு. மழுங்கின கண்ணைத் திருத்தி நிறுத்துகிறவர் பல் தீட்டுகிறவர்.

வீட்டின் முன் அறைதான் பட்டறை. வடக்குப் பார்த்த ஜன்னல், அதன் கீழே மெத்தை போட்டு 70 வயதுக்காரர் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கணப்பு அடுப்பில் கெட்டில். சீட்டைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ச்சீக்கு?" கடைக்காரர் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

துருவைக் கல்லால் தேய்த்து எடுத்ததும் தகட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடினார். எங்கோ ஒரு மேடு தெரிந்திருக்க வேண்டும். சின்னப் பட்டறைக்கல்லில் வைத்து நாலு தட்டு, திருப்பி இரண்டு. அப்புறம் இரண்டு பலகைக்கு நடுவே ரம்பத்தைக் கவ்வவைத்து, பல் மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்தினார். எடுத்தார் அரத்தை. நம் முக்கோண அரம் இல்லை, கத்தி மாதிரி. குறுக்கே வெட்டினால் ஒடுங்கிய சாய்சதுரம், இரு ஓரமும் கூர். ஆசாரியின் அரம் ஏன் ஏறவில்லை என்பதற்கு இரண்டாவது காரணம் அப்போது புரிந்தது. இந்தப் பல்லுக்கு நடுவே இருக்கும் சந்தில் முக்கோண அரம் நுழையவே நுழையாது.

குறுக்குப் பல் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கத்தி. இரண்டு பக்கமும் ஒரு முகம், உச்சியில் குறுக்காக வெட்டிய மூன்றாவது முகம். நான் எண்ணியதில் ஒரு விளிம்பில் 150 பல் சொச்சம். அப்படியானால் 450 முகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தள்ளு, அவ்வளவுதான். சீய்ங், சீய்ங், சீய்ங். கெட்டில் கொதிப்பதும் அதுவும் தவிர வேறு சத்தம் இல்லை. இடையிடையே தலையைச் சாய்த்துப் பல் நுனிகளைப் பார்ப்பார். என்னையும் பார்க்கச் சொன்னார். மழுங்கின நுனியில் ஜன்னல் வெளிச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்திருந்தது. தீட்டின நுனியில் புள்ளி இல்லை, வெளிச்சம் உட்கார இடமே இல்லை. விளக்கைப் போடாமல் வடக்கு ஜன்னலடியில் உட்கார்ந்திருப்பது அதற்குத்தான்.

அப்புறம் ஒரு குட்டிச் சுத்தியலை எடுத்து, பல்லைக் காட்டி "அசாரி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆசாரி? எங்கள் தெருமுனை ஆசாரி இவருக்கு எப்படித் தெரியும்? "ஆசாரி, இந்தியா, ஆமாம் ஆமாம்" என்று நானும் உற்சாகமாகத் தலையாட்ட, அவர் இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் ஆளுக்கொரு அசாரியைப் பேசிக்கொண்டிருந்தோம். பல்லை ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமுமாகச் சாய்த்து வைப்பதற்குத்தான் ஜப்பானியத்தில் அசாரி என்று பெயர். அந்தச் சாய்வுதான் தகடு சிக்காமல் ஓட வழி செய்கிறது. எங்கள் ஊரில் ஆசாரி என்றால் தச்சர் என்று போன் வழியாகச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார். அதன் பிறகு எனக்குத் தேநீர் தர ஆரம்பித்தார்.

ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு தட்டு. தாளம் தப்பாமல். முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தையல் ஊசியை எடுத்தார். இரண்டு வரிசைப் பல்லுக்கும் நடுவே விழுந்திருந்த வாய்க்காலில் கைப்பிடிப் பக்கம் ஊசியை வைத்து, ரம்பத்தைக் கொஞ்சம் சாய்த்தார். ஊசி வழுக்கிக்கொண்டு நுனிவரை ஓடி மடியில் விழுந்தது. ஒரு பல் ஒரு முடி அளவு பிசகினாலும் நின்றுவிடும். மறுபடி செய்யச் சொல்லிக் கேட்டேன். மூன்று முறை செய்துகாட்டினார், மூன்று முறையும் முகத்தில் பெருமையை மறைக்க முயன்று தோற்றார்.

கிழிக்கும் பக்கத்தில் என் தேக்குக்காகப் பல்லின் கோணத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினார். ஒல்லிப் பல் கெட்டி மரத்தில் ஒடியும், இந்தப் பல் கொஞ்சம் தடி. கைப்பிடிக்கு அருகே பல் சின்னது, நுனிக்குப் போகப் போகப் பெரிது, சின்னப் பல்லில் தொடங்கினால் முதல் இழுப்பு துள்ளாது. முக்கால்வாசி முடித்துவிட்டு அரத்தை என் கையில் கொடுத்தார். யார் தீட்டுவார்கள் என்ற கேள்விக்கு நான் என்னையே காட்டிய கதையும் இவர் காதுக்கு வந்துவிட்டது போல.

பத்துப் பல் தீட்டினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதுகு விட்டுப்போனது, கால் மரத்துப்போனது. அரம் ஒரே பக்கமாகத்தான் தள்ளப்பட வேண்டும், நான் பழக்கதோஷத்தில் திரும்பி இழுத்துவிடுவேன், அவர் "ஆ" என்பார். பத்தையும் வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டில் வெள்ளைப் புள்ளி. ஊசியை ஓட்டினார், என் எல்லைக்கு வந்ததும் நின்றுவிட்டது. சுத்தியலால் சாய்வை மட்டும் சரிசெய்தார். ராவினதை அப்படியே விட்டுவிட்டார். மழுங்கின பிறகு நீயே திருத்து என்பது போல ஏதோ சொன்னார். பாக்கியை நாளைக்கு முடித்து வைக்கிறேன், கூலி 3,000 என்றார். ரம்பமும் 3,000, பல்லும் 3,000.

நவம்பர் 17, வெள்ளி

காலை முதல் மழை. அகாஷிக்குப் போய் அகாஷியாகி சாப்பிட்டேன். முட்டை மாவில் ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுட்ட உருண்டைகள், இதே மாதிரி உருண்டையான தகோயாகியை விடப் பஞ்சு, சாஸுக்குப் பதில் மீன் சாற்றில் முக்கிச் சாப்பிட வேண்டும். நம் குழிப்பணியாரத்தை ரசத்தில் முக்கினால் எப்படி, அப்படி. நன்றாகவே இருந்தது. நாக்கு சுட்டது.

மூன்று மணிக்கு ரம்பத்தை வாங்கிக்கொண்டேன். தகட்டுக்குத் தேயிலை இனத்துச் செடியான த்சுபாக்கியின் எண்ணெய் தடவி, பல்லுக்கு அட்டை உறை கட்டி, செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் துணி. ரயிலில் கூர்க்கருவியைத் திறந்தபடி கொண்டுபோகக் கூடாது. கைமுறுக்கு டப்பாவை இவருக்குக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்து, தன் பல்லைக் காட்டி, "மெத்தாத்தே வேண்டும்" என்பது போலச் சைகை செய்தார். அரம் இரண்டு வாங்கினேன், ஒன்று 1,200. ஹிரோஷிமா பக்கம் குரேயில் நிகாத்தா என்ற பகுதிதான் அரத்துக்குப் பேர்போனதாம். விலையைக் கேட்காமல் மூன்றாக வாங்கியிருக்கலாம் என்று விமானத்தில் தோன்றியது.

நவம்பர் 19, ஞாயிறு, கோவை

சுங்கத்தில் பெட்டிக்குச் சாக்பீஸ் கோடு விழுந்தது. அதிகாரி மூன்று உறையையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "பழைய ரம்பமா சார்? இதுக்கா அங்க போனீங்க?" என்றார். வீட்டில் கேட்டதற்கு இது தேவலை.

சாயங்காலம் ஆசாரி வந்தார். முதலில் அரத்தைத்தான் வாங்கினார். நகத்தில் ஒரு உரசு உரசி, மோந்து பார்த்து, சட்டைப் பைக்குள் பேனா போலச் செருகிக்கொண்டார். அப்புறம் ரம்பத்தை எடுத்துத் தரையில் உட்கார்ந்தார். தேக்குத் துண்டைக் குதிகாலால் மிதித்துக்கொண்டு இழுத்தார். யாரும் இழுக்கச் சொல்லித் தரவில்லை. துண்டு விழுந்தது. வெட்டிய முகத்தைத் தடவிப் பார்த்து, "பாருங்க, இழைக்கவே வேண்டீதில்ல" என்றார்.

ரம்பத்தைத் திருப்பி, கிழிக்கும் பக்கத்தை வானத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடினார். மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"ஏனுங்க தம்பி, இங்க பத்துப் பல்லு மட்டும் வேற கை போலிருக்குதுங்களே?"